சித்தப்பாவின் 15 குதிரை அவுட்போர்டு: கிளம்பாத மூன்று நாள்

மழைக்காலம் தொடங்கினால் சித்தப்பா படகைக் கரையேற்றிவிட்டு, அதன் பின்புறம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றி வீட்டுத் தாழ்வாரத்தில் மர ஸ்டாண்டில் மாட்டிவிடுவார். வைகாசிக் கடைசியில் ஏறுகிற எஞ்சின் ஐப்பசி பிறந்ததும் இறங்கும். இந்த வருஷமும் இறங்கியது. ஆனால் கிளம்பவில்லை. "நாப்பது தடவ கயித்த இழுத்துட்டேன், ஒரு இருமல்கூட இல்ல. வந்து பாரு தம்பி" என்று போன் வந்தது.

நான் பர்மாவில், ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் சிரியத்தில் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். நேரத்துக்குக் கரண்ட் வராத ஊரில் சின்ன பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் கை பழகியிருந்தது. அவுட்போர்டில் அதுவரை பிளக் மாற்றியதோடு சரி. ஸ்பேனர் பை, மீட்டர், ஒரு கம்ப்ரஷன் கேஜ் எல்லாம் எடுத்துக்கொண்டு சவுத்தானுக்கு லைன் கார் ஏறினேன்.

சவுத்தான் என்றால் ஓடை நடுவில் நிற்கும் யேலே பகோடா பலருக்கு நினைவு வரும். அந்த ஓடையிலேயே கொஞ்சம் கீழே தள்ளித்தான் சித்தப்பாவின் துறை. அக்கரைக் கிராமங்களிலிருந்து புளிச்சக்கீரை, வெற்றிலை, வாத்து முட்டை, சில நாள் மீன், இவற்றை விடியற்காலையில் சந்தைக்கு ஏற்றி வருவது அவர் தொழில். கீரை ஏழு மணிக்குமேல் வாடிவிடும். எஞ்சின் நின்ற நாள் எல்லாம் வருமானம் நின்ற நாள். துடுப்புப் போட்டுக் கடக்கலாம், ஆனால் அந்த ஓடையில் கடல் ஓதத்தில் வெள்ளம் ஏறும்போதும் வத்தும்போதும் இழுக்கிற இழுவைக்கு ஆள் ஓய்ந்துவிடுவார்.

எஞ்சின் ஜப்பானியத் தயாரிப்பு, 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்துக் கிளப்புவது, கையால் திருப்பி ஓட்டுவது. பெட்ரோல் தனி டாங்கில். நாலு வருஷம் முன்னே செகண்ட் ஹேண்டில் வாங்கினது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் நீளவால் டீசல் எஞ்சினோடு போன படகுக்குப் பிறகு சித்தப்பா ரொம்ப வருஷம் வாடகைப் படகில்தான் ஓட்டினார். அதனால் இந்த எஞ்சின் மேல் அவருக்கு இருக்கும் அக்கறை வேறு மாதிரி. தினமும் துடைப்பார். துடைத்த எஞ்சினுக்கு உள்ளேயும் உப்புப் போகும் என்பதுதான் கதை.

முதல் நாள்

கயிற்றைத் தொடுவதற்கு முன்னே கருவி இல்லாமல் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஸ்டாப் சுவிட்சில் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா, டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. இந்தக் காற்றுத் திருகை மூடியபடி விட்டால் எஞ்சின் சில நிமிஷம் ஓடும், பிறகு டாங்கில் வெற்றிடம் பிடித்து பெட்ரோல் வராமல் நின்றுவிடும். எல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகு பெட்ரோல் குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையைப் பிசைந்தேன். அது இறுகவேண்டும். கார்புரேட்டர் நிறைந்ததும் கல்லுக்குண்டு மாதிரி ஆகிவிடும், அதற்கு மேல் அமுங்காது. சித்தப்பாவின் உருண்டை இருபது தடவை பிசைந்தும் தொளதொளவென்றே இருந்தது. அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறது, சரி. எஞ்சின் பக்கத்து முனையை மேலே தூக்கிப் பிடித்துப் பிசைந்தேன். உள்ளே இருக்கும் வால்வுகள் அப்படிப் பிடித்தால்தான் சரியாக உட்காரும். அப்படியும் இறுகவில்லை. குழாயை எஞ்சினில் சொருகுகிற கனெக்டரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது, பிசையப் பிசையக் குமிழி. உள்ளே இருந்த ஓ-ரிங் வெயிலில் வெந்து, நகத்தால் தொட்டதும் இரண்டாக உடைந்தது. அதே அளவு ரிங் என் பையில் இருந்தது. போட்டேன். ஏழாவது பிசைவில் உருண்டை இறுகிவிட்டது.

சித்தப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. சோக்கை இழுத்துவிட்டுப் பத்துத் தடவை கயிறு இழுத்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு பிளக்கையும் கழற்றினேன். இரண்டும் ஈரம். 'பெட்ரோல் வருகிறது, அப்போது கரண்ட்தான் இல்லை' என்று முடிவுக்கு வந்தேன். இந்த முடிவு பாதிதான் சரி, அந்தப் பாதி எனக்கு இரண்டு நாளைத் தின்றது. ஈரம் என்றால் பெட்ரோல் என்று எடுத்துக்கொண்டேனே தவிர, அதை விரலில் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு பிளக்கைத் துடைத்து, மூடியில் சொருகி, எஞ்சின் உடம்பில் படும்படி பிடித்துக்கொண்டு சித்தப்பாவை இழுக்கச் சொன்னேன். உச்சி வெயில். பொறி தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஸ்டாப் சுவிட்சு மேல் சந்தேகம் வந்து, சுவிட்சிலிருந்து சிடிஐ பெட்டிக்கு, அதாவது பொறிக்கான கரண்டைச் சேர்த்து விடும் பெட்டிக்கு, போகும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டேன். இந்த மாதிரி எஞ்சின்களில் ஸ்டாப் சுவிட்சு கரண்டை வெட்டுவதில்லை, கரண்டை உடம்புக்கு இறக்கிவிடுகிறது. வெள்ளை வயரும் கருப்பு வயரும் சுவிட்சுக்குள்ளே தொட்டுக்கொண்டால் பொறி செத்துவிடும். ஆகவே வெள்ளையைக் கழற்றினால் சுவிட்சு கணக்கிலேயே இல்லை.

சோதனை சரியான சோதனைதான். ஆனால் அதன் பிறகு பிளக்கில் பொறியைப் பார்ப்பதற்குப் பதில் பிளக்கை உள்ளே மாட்டிக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் கிளம்பவில்லை. "சுவிட்சு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வெள்ளை வயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். அந்த நிமிஷத்தில் குற்றவாளியைக் கையில் பிடித்துவிட்டு நானே அவிழ்த்துவிட்டேன் என்பது மறுநாள் ராத்திரிதான் தெரிந்தது.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், பார்த்தேன். மேல் சிலிண்டர் 105 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 100. இரண்டும் நெருங்கி இருந்ததால் பிஸ்டன், ரிங் பக்கம் தொடத் தேவையில்லை என்று மனசு லேசானது. பக்கத்துப் படகுக்காரர், பர்மாக்காரர், நல்ல அனுபவஸ்தர், "ஃபிளைவீலைக் கழட்டிப் பாருங்க சயா, உள்ள சாவி நகர்ந்திருக்கும்" என்றார். ஃபிளைவீலைத் தண்டில் பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டுதான் அந்தச் சாவி. நகரலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கிற வேலை அது. வேறு எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அங்கே கை வைப்பேன் என்றேன். இருட்டிவிட்டது.

இரண்டாம் நாள்

ராத்திரி படுத்தபடி யோசித்ததில் நாலு மாசம் டாங்கில் கிடந்த பெட்ரோல் நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் சித்தப்பாவிடம் கேட்டேன்.

"பழசக் கொட்டிட்டீங்களா சித்தப்பா?"

"பாதி பழசு இருந்திச்சு. மேல புதுசு ஊத்தினேன்."

"புதுசு எங்க வாங்கினீங்க?"

"ரோட்டோரத்துல. பாட்டில்ல வச்சிருந்தான்."

பம்பில் வரிசை நீளமாக இருக்கும்போது தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கிற பெட்ரோலை நாங்கள் எல்லோரும்தான் வாங்குகிறோம். அவர்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மழைக்காலத்தில் திறந்து மூடுகிற பாட்டிலில் என்ன இறங்கியிருக்கும் என்று யார் கண்டது.

கார்புரேட்டரின் அடித்தொட்டியில் ஒரு வடிகால் திருகு உண்டு. அதன் கீழே கண்ணாடி டம்ளர் ஒன்றை வைத்துத் திறந்தேன். சித்தி டீ ஆற்றுகிற டம்ளர் அது, பிறகு புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன். வடிந்ததை வெளிச்சத்துக்குக் காட்டினோம். மேலே ஆயில் கலந்த பெட்ரோல், அந்த ஆயிலின் சாயத்தோடு. அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. டம்ளரைச் சாய்த்தால் அந்தக் கோடும் சாய்ந்தது. தண்ணீருக்குள்ளே துருப்பொடி போல பழுப்புத் துகள் சுழன்றது. சித்தப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நேற்றுத் துடைத்த பிளக் ஞாபகம் வந்தது. மறுபடி கழற்றி, நுனியில் இருந்த ஈரத்தை உள்ளங்கையில் தட்டினேன். டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் என்றால் கையில் சில்லென்று பட்டு, நாலைந்து நொடியில் பறந்துபோய் ஒரு வழவழப்பை மட்டும் விட்டுப்போகும். இது பறக்கவில்லை. வழவழப்பின் மேலே குட்டிக் குட்டி முத்தாக உருண்டது, சேம்பிலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி. இதை நேற்றே செய்திருக்கலாம். செலவு ஒன்றுமில்லை, ஒரு உள்ளங்கை போதும்.

கார்புரேட்டரைக் கழற்றி முழுசாகப் பிரித்தேன். பிரிப்பதற்கு முன்னே போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன், சோக் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அடித்தொட்டியின் சுவரில் வார்னிஷ் அடித்த மாதிரி மஞ்சள் படலம். மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசிமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரியவேண்டும், இதில் பிறை மாதிரி தெரிந்தது. பாதி அடைப்பு. ஜெட்டுக்குள் ஊசியோ இரும்புக் கம்பியோ விடக்கூடாது. பித்தளை மெத்தென்றது, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். சித்தப்பாவின் தூண்டில் பெட்டியில் இருந்த மெல்லிய நரம்பை ஒரு முழம் வெட்டி, அதை விட்டு இழுத்தேன். ரொம்ப சுத்தமாக வந்தது. சின்ன ஜெட் இன்னும் குறுகல். அதை மட்டும் புது பெட்ரோலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். மிதவையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தளும்பவில்லை. பெட்ரோல் பம்பையும் திறந்தேன். டயாபிரம் கிழியவில்லை, ஆனால் விறைத்துப் போயிருந்தது. இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்று மூடிவிட்டேன்.

டாங்கைக் கவிழ்த்ததில் இன்னும் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வந்தது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது எப்போதும் அடியில், உறிஞ்சு குழாயின் வாயிலேயே படுத்திருக்கும். டாங்கில் நிறைய பெட்ரோல் இருந்தாலும் எஞ்சின் முதலில் குடிப்பது தண்ணீரைத்தான். இரண்டு முறை நல்ல பெட்ரோலில் அலசி, வெயிலில் காயவைத்து, பம்பில் வாங்கிய 92 ஆக்டேன் பெட்ரோல் 10 லிட்டருக்கு 200 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தேன். இந்த எஞ்சினுக்கு 50க்கு 1 கணக்கு. 100க்கு 1 போதும் என்று புத்தகம் போட்ட எஞ்சின்களும் இருக்கின்றன. உங்கள் எஞ்சினின் மூடியிலோ புத்தகத்திலோ பார்த்துவிட்டுக் கலக்குங்கள்.

பிளக்கும் புதுசு போட்டேன். பி7எச்எஸ்-10. கடைசியில் வரும் 10 என்பது இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று அர்த்தம். கடைக்காரர் 10 இல்லாததை எடுத்துக் கொடுத்தால் நுனி இடைவெளி குறைவாக இருக்கும், அளந்து பார்த்துத்தான் போடவேண்டும்.

எல்லாம் மாட்டி, உருண்டையைப் பிசைந்து, சோக் இழுத்து, கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை.

உண்மையிலேயே அப்போது சோர்ந்துவிட்டேன். பின்னேரம் நாலு மணி. சித்தி மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், கொண்டுவந்து வைத்தார், அதைக்கூடச் சாப்பிடத் தோன்றவில்லை. சித்தப்பா, "விடு தம்பி, கார்புரேட்டர் சரியா சேரலையோ என்னமோ, நாளைக்கு வேற ஆளக் கூப்பிடுவோம்" என்றார். கார்புரேட்டரை மறுபடி கழற்றலாமா என்றுகூடக் கை பரபரத்தது.

கழற்றவில்லை. அதற்குப் பதில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். பெட்ரோல் வருகிறதா என்பதற்கு ஒரு தனிச் சோதனை. பொறி வருகிறதா என்பதற்கு ஒரு தனிச் சோதனை. அமுக்கம் இருக்கிறதா என்பதற்கு ஒன்று. இந்த மூன்றில் எதற்கும் 'எஞ்சின் கிளம்புகிறதா' என்பது சோதனை ஆகாது. ஏனென்றால் இரண்டு இடத்தில் கோளாறு இருந்தால், ஒன்றைச் சரியாகச் சரிசெய்தாலும் கிளம்பாது. கிளம்பாததைப் பார்த்து, சரிசெய்ததைத் தப்பு என்று நினைத்துக் கலைத்துவிடுவோம். நேற்று வெள்ளை வயரைக் கழற்றியபோது எஞ்சின் கிளம்பாததற்குத் தண்ணீர் காரணமாக இருந்திருக்கலாமே? அதை வைத்து எப்படிச் சுவிட்சை நல்லது என்று சொன்னேன்?

பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன். சில்லென்று பட்டுப் பறந்துவிட்டது, வழவழப்பு மட்டும் மிச்சம். அசல் பெட்ரோல். ஆகவே பெட்ரோல் பக்கம் முடிந்தது, இனி அதைத் தொடுவதில்லை என்று எழுதிக் கோடு போட்டேன்.

பொறியைப் பார்க்க இருட்டட்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் பெட்ரோல் டாங்கைக் குழாயோடு கழற்றி வீட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். பிளக் ஓட்டைகளில் துணி அடைத்தோம். கயிறு இழுக்கும்போது ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும், அதன் பக்கத்தில் பொறி அடித்தால் முகம் வெந்துவிடும். இதில் அவசரப்படாதீர்கள்.

இன்னொரு தப்பும் நேற்றுச் செய்திருந்தேன். இந்த எஞ்சினில் ஒரே காயிலிலிருந்துதான் இரண்டு பிளக்குக்கும் வயர் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பொறி விடும். கரண்ட் ஒரு பிளக்கின் வழியாக எஞ்சின் உடம்புக்கு இறங்கி, அடுத்த பிளக்கின் வழியாகக் காயிலுக்குத் திரும்புகிறது. அதனால் ஒரு பிளக்கை மட்டும் உடம்பில் வைத்து, மற்றதை அந்தரத்தில் தொங்கவிட்டால் பார்க்கிற பொறிக்கு அர்த்தமே இல்லை, காயிலும் சிடிஐயும் கெட்டுப்போகவும் வழி இருக்கிறது. இரண்டு பிளக்கையும் ஜம்பர் வயரால் எஞ்சின் உடம்போடு இறுக்கிக் கட்டினேன், நுனிகள் ஓட்டைகளுக்கு எட்டாத தூரத்தில், இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி. சித்தி விளக்கை அணைத்தார். சித்தப்பா இழுத்தார்.

கீழ்ப் பிளக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மங்கல் பொறி, மேலே ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். இரண்டிலும் இல்லை. மூன்றாம் தடவை இரண்டிலும் தீக்குச்சி அணையும்போது வருகிற மாதிரி ஒரு சிவப்பு.

வெள்ளை வயரைக் கழற்றினேன். "இப்ப இழுங்க."

பட் பட் என்று சத்தத்தோடு நீலமாக அடித்தது, இரண்டு பிளக்கிலும். சத்தமே காதுக்கு எட்டியது. வயரை மாட்டினேன், மங்கியது. கழற்றினேன், நீலம். மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம், சந்தேகத்துக்கு இடமே இல்லாதபடி. சித்தி இருட்டிலேயே "முனீஸ்வரா" என்றார்.

மீட்டரை எடுத்தேன். சுவிட்சில் கிளிப் மாட்டியிருக்கும்போது வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது, மீட்டர் எண் எதையும் காட்டக்கூடாது. இதில் 600 ஓம் சுமாருக்கு வந்து, ஆடி ஆடி நின்றது. முழுசாகத் தொட்டுக்கொள்ளவும் இல்லை, விட்டு விலகவும் இல்லை. சிடிஐக்குப் போகிற கரண்டில் பாதி இந்த வழியாக உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் இதில் விளங்கியது. மழைக்கு முன்னே மாசிப் பங்குனியிலேயே "காலையில மட்டும் பத்துப் பதினஞ்சு இழுப்புக் கேக்குது, ஓட ஆரம்பிச்சா நல்லா ஓடுது" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். கயிறு இழுக்கிற வேகத்தில் காயில் உண்டாக்கும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம், அதில் கசிந்தது போக மிச்சம் பொறிக்குப் பத்தாது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் ஃபிளைவீல் வேகத்தில் கரண்ட் பெருகிக் கசிவை ஈடுகட்டிவிடும். அப்போதே சுவிட்சைப் பார்த்திருந்தால் இந்த மூன்று நாள் ஒரு மணி நேரமாக முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள்

விடிந்ததும் சித்தப்பா கேட்டது நியாயமான கேள்விதான். "வெள்ள வயரக் கழட்டிட்டா ஓடுதுல்ல? அப்படியே விட்ரு. நிறுத்தணும்னா சோக்க இழுத்து நிறுத்திக்கிறேன்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கிளிப்பின் மறுமுனை படகோட்டியின் கையிலோ இடுப்பிலோ கட்டியிருக்க வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் ஆளில்லாத படகு, கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்தபடி, விழுந்தவரையே சுற்றிச் சுற்றி வரும், அடியில் புரொப்பெல்லர் சுழன்றபடி. சித்தப்பா இருட்டில் தனியாக ஓட்டுகிறவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்து நின்றபடியே ஓட்டுகிறவர். "சித்தி கிட்ட கேட்டுட்டு வாங்க, அவங்க சரின்னா விட்டுர்றேன்" என்றேன். சித்தி உள்ளேயிருந்தே, "புதுசு வாங்கிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

சிரியத்தில் கிடைக்கவில்லை. பாலம் தாண்டி ரங்கூன் போனோம். பாலத்தில் லைன் கார் ஊர்ந்தபோது, 1993க்கு முன்னே பாலம் இல்லாத காலத்தில் ஃபெரிக்காக விடியற்காலையிலேயே துறையில் காத்துக் கிடந்ததைச் சித்தப்பா சொல்லிக்கொண்டு வந்தார். டவுனில் நாலாவது கடையில் கிடைத்தது. முதல் கடையில் கொடுத்த சுவிட்சு பார்க்க அச்சாக அதே மாதிரி இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் வேலை தலைகீழ். கிளிப் மாட்டினால் தொட்டுக்கொள்கிறது, எடுத்தால் விலகுகிறது. வேறு வகை எஞ்சினுக்கானது. பெட்டியை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் மறுபடி ஒரு நாள் போயிருக்கும். மீட்டரைக் கடைக்குக் கொண்டுபோங்கள், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

திரும்பி வந்து பழைய சுவிட்சை ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். காரணத்தைக் கண்ணால் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கிளிப் உட்காரும் ரப்பர் வளையம் ஒரு ஓரத்தில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக உள்ளே போன உப்புத்தண்ணீர் காய்ந்து, நனைந்து, காய்ந்து, பித்தளைத் தகடு இரண்டின் மேலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பாசி படிந்த மாதிரி. இரண்டு தகட்டையும் ஒரு மெல்லிய பச்சைக் கோடு பாலம் போட்டு இணைத்திருந்தது. 600 ஓம் அந்தக் கோடுதான். சித்தப்பா தினமும் ஈரத்துணியால் துடைத்தது மேல் மூடியை.

புதுச் சுவிட்சை மாட்டி, வயர் இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி மூடினேன். கிளிப்பை மாட்டி எடுத்து மாட்டி எடுத்து மீட்டரில் பத்துத் தடவை பார்த்தேன். பிறகு இருட்டுக்குக் காத்திராமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு பொறியையும் பார்த்தேன். நீலம்.

பாதி வெட்டிய நீல டிரம்மில், புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு முழுகும் அளவுக்கு நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கினோம். தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது, உள்ளே சுற்றுகிற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். சோக். ஒரு இழுப்பு, இரண்டு, மூன்றாவதில் ஒரு இருமல். சோக்கைப் பாதி உள்ளே தள்ளி நாலாவது இழுப்பு. பிடித்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்க வெள்ளைப் புகை, சித்தப்பாவின் பேத்தி காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

சந்தோஷம் அரை நிமிஷம்தான். எஞ்சின் பின்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சவேண்டும், குளிர்ச்சித் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது. ஒரு சொட்டு இல்லை. உடனே நிறுத்தினேன், புதுச் சுவிட்சின் முதல் வேலை அதுவாகத்தான் இருந்தது. இம்பெல்லர் போய்விட்டதோ என்று நெஞ்சு படபடத்தது, அதை மாற்றக் கீழ்ப்பெட்டியையே கழற்றவேண்டும். முதலில் துளைக்குள் அதே தூண்டில் நரம்பை விட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலத்தில் முட்டியது. குத்திக் குத்தி இழுத்ததில் காய்ந்த களிமண் பொடிப் பொடியாகக் கொட்டியது, நடுவில் ஒரு குளவிப் புழுவின் கூடு. நாலு மாசம் தாழ்வாரத்தில் சும்மா இருந்த எஞ்சினில் குளவி குடித்தனம் நடத்தியிருக்கிறது. மறுபடி கிளப்பினோம். முதலில் சேறாக, பிறகு தெளிவாக, பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. கை வைத்தால் இளஞ்சூடு.

பத்து நிமிஷம் ஓடவிட்டு, கிளிப்பைப் பிடுங்கி நிறுத்தி, மறுபடி ஒரே இழுப்பில் கிளப்பி, இப்படி ஆறு தடவை. கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, டிரம்மிலேயே கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டேன். மழைக்காலத்துக்கு முன்னே செய்யவேண்டியது இதுதான், டாங்கையும் காலி செய்து, அந்தத் துளையில் ஒரு துணித்திரியைச் சொருகி வைக்கவேண்டும். சித்தப்பாவின் எஞ்சின் மூடிக்குள்ளே இந்த மூன்றையும் மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு வெள்ளம் ஏறும் நேரம் பார்த்து எஞ்சினைப் படகில் மாட்டினோம். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. கிளிப் கயிற்றைச் சித்தப்பா தானே மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். எட்டு மணிக்குக் கீரைக்கட்டுகளை இறக்கிவிட்டு வந்தபோது எனக்கென்று இரண்டு வீசை மீன் கொண்டுவந்திருந்தார். கூலி வாங்கமாட்டேன் என்று தெரியும்.

விறைத்த டயாபிரம் மட்டும் பாக்கி இருக்கிறது. ரங்கூன் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போய் மாற்றவேண்டும்.